எதற்கு வருந்தினார்? போப்பின் ரேகன்ஸ்பர்க் உரை பற்றி ஒரு விவாதம்

தர்காத்தெருக்காரன் (இரவு 8.05)

நேற்று வேறொரு இழையில் கடற்கரைக் கத்தோலிக்கன் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். “2006-இல் திருத்தந்தை மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகும் சோமாலியாவில் ஒரு கன்னியாஸ்திரியைச் சுட்டுக் கொன்றார்கள்” என்று. அங்கே பேச்சு வேறு. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. தனி இழையாகவே போட்டுவிடுகிறேன்.

அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்காகச் சுருக்கமாக. 2006 செப்டம்பர் 12 அன்று போப் 16ஆம் பெனடிக்ட் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேசினார். அவர் முன்பு பேராசிரியராக இருந்த இடம் அது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் மானுவேல் ஒரு பாரசீக அறிஞரோடு பேசியதாக உள்ள நூலிலிருந்து ஒரு வரியை எடுத்து வாசித்தார். நபிகள் (ஸல்) புதிதாகக் கொண்டுவந்தது தீமை மட்டுமே, வாளால் மார்க்கத்தைப் பரப்பச் சொன்னார் என்ற பொருளில் வரும் வரி. அதை முழுதாகத் தட்டச்சு செய்ய எனக்கு விரல் வரவில்லை.

உலகம் கொந்தளித்தது. பாகிஸ்தான் நாடாளுமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. மொராக்கோ தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காஸ்தல் கந்தோல்ஃபோ கோடை மாளிகையில் மூவேளை செபத்தின்போது போப் சொன்னது இது: தன் உரையின் ஒரு சிறு பகுதியால் எழுந்த *எதிர்வினைகளுக்காக* மிகவும் வருந்துகிறேன்.

எதிர்வினைகளுக்காக! தான் சொன்னதற்காக இல்லை, நாங்கள் கோபப்பட்டதற்காக. இதற்குப் பெயர் மன்னிப்பா? கடற்கரைக் கத்தோலிக்கன் பதில் சொல்லட்டும்.

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 8.41)

பாய், வாக்கியத்தைப் பாதியில் வெட்டுவது உங்களுக்குப் புதிதில்லை. மீதியையும் போடுங்கள். அது ஒரு இடைக்கால நூலின் மேற்கோள், என் சொந்தக் கருத்தை அது எந்த விதத்திலும் வெளிப்படுத்தவில்லை என்று அதே மூச்சில் சொன்னாரே, அது எங்கே போனது?

அந்த உரையை நீங்கள் முழுதாகப் படித்திருக்கிறீர்களா? நான் படித்திருக்கிறேன். இஸ்லாத்தைப் பற்றிய உரையே இல்லை அது. நம்பிக்கையும் பகுத்தறிவும் பற்றியது. அறிவுக்குப் புறம்பாக நடப்பது கடவுளின் இயல்புக்கே புறம்பானது, அதனால் மதத்தில் வன்முறைக்கு இடமில்லை என்பதுதான் அவர் அந்த நூலிலிருந்து எடுக்க வந்த கருத்து. உரையின் பெரும்பகுதியில் அவர் கண்டித்தது மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களை. கடவுளைப் பற்றிய கேள்வியே அறிவியலுக்கு வெளியே என்று ஒதுக்கிவிட்டார்களே என்று. அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

மேற்கோள் வேறு, கூற்று வேறு. இது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

தர்காத்தெருக்காரன் (இரவு 8.58)

பத்தாம் வகுப்பா? சரி, பத்தாம் வகுப்புக் கணக்காகவே சொல்கிறேன்.

ஊர்க் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “600 வருடத்துக்கு முன்னால் ஒருவர் உங்கள் அப்பாவின் வம்சத்தைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்” என்று அசிங்கமான ஒரு வரியை நான் வாசிக்கிறேன். நீங்கள் எழுந்து நின்று கத்துகிறீர்கள். ஐந்து நாள் கழித்து நான் வந்து “நீங்கள் கத்தியதற்கு வருந்துகிறேன், அது என் கருத்து இல்லை” என்கிறேன். நீங்கள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் “அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார்” என்று சொல்வீர்களா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி ஒன்றுதான். எதற்கு வருந்தினார்?

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 9.20)

இதற்குத்தான் மூல மொழி தெரிய வேண்டும் என்பது. செப்டம்பர் 17 அன்று அவர் பேசியது இத்தாலியனில். அவர் சொன்ன சொல் ‘ரம்மாரிகாத்தோ’. மனம் நொந்தவன், உள்ளுக்குள் வேதனைப்படுகிறவன் என்று பொருள். நான் குருமடத்தில் மூன்று வருடம் இருந்தவன், எங்களுக்கு இத்தாலியன் சொல்லிக் கொடுத்த சாமியாரிடம் இதே சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அது வெறும் சம்பிரதாயச் சொல் இல்லை.

இன்னொன்று. முந்தின நாள் 16ஆம் தேதியே வத்திக்கான் செயலர் கர்தினால் பெர்த்தோனே அறிக்கை விட்டார். உரையின் சில பகுதிகள் முஸ்லிம்களைப் புண்படுத்துவதாக ஒலித்திருக்கக்கூடும், அதற்குத் திருத்தந்தை மனமார வருந்துகிறார் என்று. அங்கே வருத்தம் எதற்கு? பகுதிகளுக்கு. எதிர்வினைக்கு இல்லை. கண்ணைத் திறந்து படியுங்கள்.

தர்காத்தெருக்காரன் (இரவு 9.31)

செயலர் சொன்னதை நான் கேட்கவில்லை. போப் வாயால் சொன்னதைக் கேட்கிறேன். தவறு செய்தவன் நான், மன்னிப்புக் கேட்பவன் என் கடைக் கணக்குப்பிள்ளையா?

அந்த இத்தாலியச் சொல்லுக்கு நீங்களே சொன்ன அர்த்தம் என்ன? வேதனைப்படுகிறவன். வேதனைப்படலாம். மழை பெய்தால்கூட வேதனைப்படலாம். ‘மன்னியுங்கள்’ என்ற சொல் அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறது? மூன்று வருடம் குருமடத்தில் இருந்தவர் எடுத்துக் காட்டட்டும்.

தரங்கம்பாடி லூத்தரன் (இரவு 9.47)

இரண்டு பேரும் சண்டை போடுகிற இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே ஒருவரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அதே ரேகன்ஸ்பர்க் உரையில் எங்களுக்கும் ஒரு குத்து இருந்தது. கிறிஸ்தவத்திலிருந்து கிரேக்கச் சிந்தனையைக் கழற்றிவிட்டவர்கள் என்று மூன்று அலைகளை அடுக்கினார். முதல் அலை யார் தெரியுமா? 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள். அதாவது நாங்கள். அதற்கு யாரும் தூதரை அழைத்துப் பேசவில்லை, வருந்தவும் இல்லை.

அந்த 2006 ஜூலையில்தான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கி 300 ஆண்டு ஆனதை நாங்கள் கொண்டாடினோம். கடற்கரையில் பந்தல் போட்டு, வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து, என் தகப்பனார் பாடகர் குழுவில் நின்று பாடினார். மறு வருடம் ஜூலை 10ஆம் தேதி ரோமிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. சீர்திருத்தத்தில் பிறந்தவை சரியான பொருளில் ‘சபை’ இல்லையாம், ‘திருச்சபைச் சமூகங்களாம்’. அதற்கு ஒப்புதல் கொடுத்தவர் இதே போப்தான். தகப்பனார் அந்தச் செய்தியை வெட்டி பைபிளுக்குள் வைத்திருந்தார். சாகும்வரை எடுக்கவில்லை.

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 9.55)

ஐயா, இது இங்கே எதற்கு? அது புதுக் கருத்தே இல்லை. 2000-இலேயே சொன்னதுதான். ஆயர்களின் வழிமரபு தொடர்ச்சி இல்லாத இடத்தில்...

தரங்கம்பாடி லூத்தரன் (இரவு 9.58)

புதிது இல்லை என்றால் வலிக்காதா? என் தகப்பனார் 40 வருடம் உபதேசியார். அவர் எந்தச் சபையில் ஊழியம் செய்தார் என்று நீங்கள் சொல்லுங்கள்.

தர்காத்தெருக்காரன் (இரவு 10.04)

தரங்கம்பாடி அண்ணன் சொல்வது எனக்குச் சாட்சி. இந்த மனிதர் சொல்வார், வலிக்கும், அப்புறம் விளக்கம் வரும். மன்னிப்பு மட்டும் வராது.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். “மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை” என்ற குர்ஆன் 2:256 வசனத்தை அதே உரையில் எடுத்தார். நல்லதுதான். ஆனால் எப்படி எடுத்தார்? நபிகளுக்குப் பலம் இல்லாமல் அச்சுறுத்தலில் இருந்த ஆரம்ப காலத்து அத்தியாயம் அது என்றார். பலம் இல்லாதபோது இனிக்கப் பேசினார், பலம் வந்ததும் வாளை எடுத்தார் என்று படிக்கிறவன் நினைக்கத்தானே அது? அந்த வசனம் வரும் அல்பகரா அத்தியாயம் மதீனாவில் இறங்கியது. எங்கள் தெரு மதரஸாவில் ஏழு வயதுப் பிள்ளை சொல்லும். மதீனாவில் முஸ்லிம்களுக்குப் பலம் வரத் தொடங்கிய காலம். பலம் இருக்கும்போது வந்த கட்டளை, நிர்ப்பந்தம் கூடாது என்று. அந்த வருடம் அக்டோபரில் 38 அறிஞர்கள் போப்புக்குத் திறந்த கடிதம் எழுதினார்களே, அதில் முதலில் எடுத்துக்கொண்டதே இந்த வசனத்தைத்தான். ஒரு பேராசிரியர், பல்கலைக்கழக மேடையில், இவ்வளவு அடிப்படைத் தவறு செய்யலாமா?

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 10.22)

38 அறிஞர்களை நீங்களே கூப்பிட்டதற்கு நன்றி. அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தீர்களா? செப்டம்பர் 17 அன்று திருத்தந்தை தெரிவித்த வருத்தத்தை, இதற்கு முன் எந்தப் போப்பும் தனிப்பட இப்படித் தெரிவித்ததில்லை என்று சொல்லி, அவர்கள் பாராட்டுகிறார்கள். மேற்கோள் தன் கருத்து இல்லை என்று அவர் தந்த உறுதியையும் ஏற்றுக்கொள்கிறார்கள். முஃப்திகளுக்குப் போதுமானது உங்களுக்குப் போதவில்லையா? அடுத்த வருடம் அக்டோபர் 13 அன்று 138 பேராகச் சேர்ந்து ‘எங்களுக்கும் உங்களுக்கும் பொதுவான சொல்’ என்று கடிதம் எழுதினார்கள். கடவுளை நேசி, அயலானை நேசி என்பது இரண்டு மதத்துக்கும் பொது என்று. முதலில் மன்னிப்புக் கேள், அப்புறம் பேசலாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

உரையின் அச்சு வடிவத்தில் அவரே திருத்தமும் செய்தார். பேரரசரின் கடுமை ‘நமக்கு ஏற்கத்தகாதது’ என்று சேர்த்தார். முஸ்லிம்களின் கோபம் ‘புரிந்துகொள்ளக்கூடியது’ என்று அடிக்குறிப்பில் எழுதினார். குர்ஆனை ஒரு பெரிய மதத்தின் புனித நூலாக மதிக்கிறேன் என்றும் எழுதினார். தன் உரையை இப்படித் திருத்தி அச்சிட்ட இன்னொரு போப்பைக் காட்டுங்கள்.

தர்காத்தெருக்காரன் (இரவு 10.30)

அறிஞர்கள் பாராட்டியது எதை? *வருத்தத்தை*. நீங்களே தட்டச்சு செய்திருக்கிறீர்கள், மேலே போய்ப் பாருங்கள். மன்னிப்பை என்று அவர்கள் எழுதவில்லை. ஏன்? கேட்கப்படவில்லை. கேட்கப்படாததை எப்படிப் பாராட்டுவார்கள்? என் வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

அச்சில் ‘ஏற்கத்தகாதது’ என்று பிறகு சேர்த்தார் என்றால், மேடையில் அது இல்லை என்றுதானே அர்த்தம்? மேடையில் இல்லாதது அச்சில் ஏன் வந்தது?

ஈரோட்டுக்காரன் (இரவு 10.36)

1391-இல் ஒரு ராஜா சொன்னதற்கு 2006-இல் மண்டை உடைப்பு, அதற்கு இன்றைக்கு இங்கே இரவு பத்தரை மணிக்கு விவாதம். எல்லா மதமும் இதற்குத்தான் பயன்படுகிறது. இரண்டு புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

தர்காத்தெருக்காரன் (இரவு 10.38)

ஈரோட்டு ஐயா, உங்கள் தலைவர் சிலைக்கு யாராவது செருப்பு மாலை போட்டால் நீங்கள் தூங்கப் போவீர்களா? இங்கே எழுதுவதற்கு முன் அதை யோசியுங்கள்.

ஈரோட்டுக்காரன் (இரவு 10.41)

அவர் உயிரோடு இருக்கும்போதே மேடையில் செருப்பு வீசினார்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வரலாறு தெரியாமல் பேசாதீர்கள்.

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 10.50)

பேச்சை மாற்றாதீர்கள். பாய், நான் நேற்று எழுதியது சிஸ்டர் லெயோனெல்லாவைப் பற்றி. அதைத் தொடாமல் எத்தனை பதிவு போட்டுவிட்டீர்கள்! 65 வயது. இத்தாலியில் பிறந்தவர், வாழ்நாளை ஆப்பிரிக்காவில் கழித்தவர். மொகதிஷுவில் குழந்தைகள் மருத்துவமனையில் சோமாலியர்களுக்கு நர்ஸ் பயிற்சி கொடுத்துவந்தார். வகுப்பு முடிந்து தெருவைக் கடந்து வீட்டுக்குப் போகும்போது பின்னாலிருந்து சுட்டார்கள். உயிர் போகும்போது “மன்னிக்கிறேன், மன்னிக்கிறேன், மன்னிக்கிறேன்” என்றார். மூன்று முறை. நீங்கள் மன்னிப்பு என்ற சொல்லைத் தேடுகிறீர்களே, அங்கே இருக்கிறது. அவரிடம் யாரும் கேட்காமலேயே கொடுத்தார்.

நாப்லஸில் தேவாலயங்கள் மேல் தீக்குண்டு வீசினார்கள். அதில் ஆங்கிலிக்கன் கோயிலும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோயிலும் உண்டு. போப்புக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அவர்களிடம் வருத்தமாவது யார் தெரிவித்தது?

தர்காத்தெருக்காரன் (இரவு 11.07)

அந்தக் கொலை ஹராம். கோயில் மேல் தீ வீசியதும் ஹராம். ஒரு உயிரைக் கொன்றவன் மனித குலத்தையே கொன்றவன் என்று படித்து வளர்ந்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் இல்லை. ‘எதிர்வினைக்கு வருந்துகிறேன்’ என்று சுற்றி வளைக்கவும் இல்லை. பார்த்தீர்களா, எவ்வளவு எளிது!

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்த அம்மாவோடு சேர்ந்து இன்னொருவரும் செத்தார். அவருடைய மெய்க்காவலர், சோமாலியர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். முஸ்லிம். அவரைக் காப்பாற்றப் போய் செத்தவர். நீங்கள் எழுதிய வரியில் அவர் எங்கே? ‘கொன்றார்கள்’ என்பதில் மட்டும் நாங்கள் இருக்கிறோம், செத்தவரில் இல்லையா? இந்த ஒரு விஷயம்தான் நேற்று என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் அந்த ‘மன்னிப்புக் கேட்ட பிறகும்’. கொலை நடந்தது எந்த நாள்? செப்டம்பர் 17. போப் பேசியது எந்த நாள்? செப்டம்பர் 17. அதே ஞாயிறு. ரோமில் மதியம் சொன்னது மொகதிஷுத் தெருவில் துப்பாக்கி வைத்திருந்தவன் காதில் விழுந்ததா? ‘பிறகும்’ என்ற சொல்லையாவது திரும்பப் பெறுங்கள்.

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 11.15)

16ஆம் தேதியே பெர்த்தோனே அறிக்கை வந்துவிட்டது என்று சொன்னேனே. ‘பிறகும்’ என்பது சரிதான். திரும்பப் பெற மாட்டேன்.

தர்காத்தெருக்காரன் (இரவு 11.17)

திரும்பவும் கணக்குப்பிள்ளை!

வெளிப்பாளையம் டீச்சர் (இரவு 11.26)

நான் இங்கே எழுதுவது குறைவு. நாகப்பட்டினத்தில் இருந்தவள் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த வருடம் வேளாங்கண்ணியில் கொடி இறக்கி நாலு நாளில் இந்த உரை வந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் ரமலான் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து வருடா வருடம் நோன்புக் கஞ்சி வரும். எவர்சில்வர் தூக்குவாளி, பிடியில் பச்சை நூல் சுற்றியிருக்கும். அஸர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் கொண்டு வந்து நேரே அடுப்பங்கரையில் வைப்பாள். அம்மா வாளியை வெறுமனே திருப்பித் தர மாட்டார். இரண்டு வாழைப்பழமோ ஒரு கை அவலோ இருக்கும். அந்த வருடம் முதல் நாலு நாள் வாளி வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஐந்தாம் நாள் வந்தாள். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள். “உங்க போப்பு எங்க நபியைத் திட்டிட்டாராமே, அத்தா கேட்டுட்டு வரச் சொன்னாங்க” என்றாள். எட்டு வயது இருக்கும். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “அப்படிச் சொல்லியிருந்தா தப்புதான் தாயி. அத்தாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு” என்றார். அவள் உள்ளே வந்து வாளியை வைத்தாள். கஞ்சி சூடாக இருந்தது, மேலே தேங்காய்ப்பால் ஆடை கட்டியிருந்தது.

அதனால் கேட்கிறேன். மன்னிப்பு என்றால் என்ன, வருத்தம் என்றால் என்ன என்று முதலில் இரண்டு பேரும் வரையறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேசலாமே?

தர்காத்தெருக்காரன் (இரவு 11.33)

டீச்சர், உங்கள் அம்மாவுக்கு அல்லாஹ் நன்மை செய்வானாக. படிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் பாருங்கள்! ‘தப்புதான்’ என்றார் டீச்சரின் தாயார். ஒரே சொல். இதுதான் மன்னிப்பு. வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பங்கரையில் ஒரு அம்மாவுக்கு வந்த சொல் வத்திக்கானுக்கு ஏன் வரவில்லை? ஒரு பிள்ளை படியில் நின்று கேட்டதற்கே பதில் கிடைத்தது, நூறு கோடிக்கும் மேலான பேர் கேட்டதற்குக் கிடைக்கவில்லை.

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 11.39)

சரியாகப் படியுங்கள். அம்மா “சொல்லி*யிருந்தா*” என்றார். ‘இருந்தால்’. அவர் அதைச் சொல்லவில்லை, மேற்கோள் காட்டினார். ஆகவே அம்மாவின் கூற்றுப்படியும் தப்பு இல்லை. திருத்தந்தை தன் கருத்து இல்லை என்று சொன்னதும் இதுவும் ஒன்றுதான்.

தர்காத்தெருக்காரன் (இரவு 11.42)

குருமடத்தில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா? ஒரு தாயின் வாயிலிருந்து வந்ததில் ‘ஆல்’ விகுதியைத் தேடிப் பிடிக்க? நாலு நாள் வாளி வராத வேதனையில் பேசிய பேச்சு அது.

வெளிப்பாளையம் டீச்சர் (இரவு 11.45)

என் அம்மாவை இலக்கணப் பாடமாக்காதீர்கள். இருவருக்கும்தான் சொல்கிறேன்.

கடற்கரைக் கத்தோலிக்கன் (இரவு 11.58)

டீச்சர், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாய்தான் முதலில் இழுத்தார்.

வார்த்தை, வார்த்தை என்கிறவருக்கு ஒரு செயலைச் சொல்கிறேன். அதே 2006 நவம்பர் 30. இஸ்தான்புல் நீல மசூதி. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முஃப்தி முஸ்தபா சாரிஜி பக்கத்தில், தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபைப் பார்த்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி அமைதியாக நின்றார். 79 வயதுக் கிழவர். பயணத்தை ரத்து செய்யுங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லியும் போனார். துருக்கிக்காரர்களே நெகிழ்ந்தார்கள். மன்னிப்பை வாயால்தான் கேட்க வேண்டுமா? உடம்பால் கேட்கக் கூடாதா?

தர்காத்தெருக்காரன் (நள்ளிரவு 12.09)

நின்றது நல்ல செயல். நான் அந்தப் படத்தைப் பார்த்தவன், மனது இளகியது உண்மை. ஆனால் இப்போது நீங்கள் சொல்வதைக் கவனியுங்கள். ‘உடம்பால் கேட்டார்’ என்றால் வாயால் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். ராத்திரி எட்டு மணியிலிருந்து நான் சொல்வது இதைத்தானே?

கடற்கரைக் கத்தோலிக்கன் (நள்ளிரவு 12.14)

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள்.

தவறை ஒப்புக்கொள்வது பற்றி நீங்கள் எனக்குப் பாடம் எடுக்கலாமா? போன ரமலான் மாதம் இதே இடத்தில், இரண்டாம் ஜான் பால் டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலுக்குப் போனது 1999 என்று அடித்துச் சொன்னீர்கள். 2001 மே என்று நான் காட்டினேன். ஒரு ‘வருந்துகிறேன்’ வந்ததா? மூன்று நாள் இந்தப் பக்கமே வரவில்லை. நான் மறக்கவில்லை பாய்.

தர்காத்தெருக்காரன் (நள்ளிரவு 12.18)

அது தட்டச்சுப் பிழை. அவர் குர்ஆனுக்கு முத்தம் கொடுத்த வருடம் 1999, இரண்டும் குழம்பிவிட்டது. மூன்று நாள் வராததற்குக் காரணம் என் மச்சான் மகள் நிக்காஹ். அந்த அழைப்பிதழை உங்களுக்கும் அனுப்பினேன், நீங்கள் வரவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

தரங்கம்பாடி லூத்தரன் (நள்ளிரவு 12.25)

ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என் தகப்பனார் ஊழியம் செய்தது சபையா, சமூகமா?

இன்னொரு தகவலும் சொல்கிறேன், கடற்கரைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். 2006 தொடக்கத்தில் வத்திக்கானில் இஸ்லாத்தை நன்றாக அறிந்த பேராயர் ஃபிட்ஸ்ஜெரால்டை மதங்களுக்கிடையிலான உரையாடல் மன்றத் தலைமையிலிருந்து மாற்றிக் கெய்ரோவுக்குத் தூதராக அனுப்பினார்கள். அந்த மன்றத்தையும் பண்பாட்டு மன்றத் தலைவரின் கீழ் சேர்த்தார்கள். ஆறே மாதத்தில் ரேகன்ஸ்பர்க். அவர் ரோமில் இருந்திருந்தால் யாராவது உரையை முன்னதாக அவரிடம் காட்டியிருப்பார்கள். மறு வருடம் மன்றத்துக்குத் திரும்பவும் தனித் தலைவரைப் போட்டார்கள். தப்பு என்று தெரியாமலா?

கடற்கரைக் கத்தோலிக்கன் (நள்ளிரவு 12.31)

நிர்வாக மாற்றத்தில் எல்லாம் சதி தேடினால் என்ன செய்வது? உங்களுக்கு உண்மையில் கோபம் 2007-இன் மேல், அதை 2006-க்குள் கொண்டு வந்து கொட்டுகிறீர்கள். உங்கள் தகப்பனார் நல்ல மனிதராக இருந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தரங்கம்பாடி லூத்தரன் (நள்ளிரவு 12.33)

நல்ல மனிதரா என்று நான் கேட்கவில்லை.

தர்காத்தெருக்காரன் (நள்ளிரவு 12.40)

அண்ணனுக்கும் பதில் இல்லை, எனக்கும் பதில் இல்லை. திரும்பவும் கேட்கிறேன். எதற்கு வருந்தினார்? அவர் 2022 கடைசி நாளில் இறந்துபோனார், அன்றைக்கு நானும் நல்ல வார்த்தைதான் எழுதினேன். இப்போது இருக்கும் நீங்களாவது சொல்லுங்கள். எதிர்வினைக்கா, சொன்னதற்கா? ஒரு சொல் போதும்.

கடற்கரைக் கத்தோலிக்கன் (நள்ளிரவு 12.46)

காலையில் முதல் பூசைக்குப் போக வேண்டும். சாயங்காலம் இத்தாலிய மூலத்தை வரிக்கு வரி போடுகிறேன். அப்போது பேசிக்கொள்ளலாம். ‘பிறகும்’ என்று நான் எழுதியது அப்படியே நிற்கும்.

வெளிப்பாளையம் டீச்சர் (காலை 5.50)

இரவு நான் எழுதியதை நீக்கிவிடச் சொல்லி மட்டுறுத்துனரிடம் கேட்டிருக்கிறேன்.

தர்காத்தெருக்காரன் (காலை 5.58)

நீக்க வேண்டாம் டீச்சர். சுபுஹு தொழுதுவிட்டு வந்து திரும்பவும் படித்தேன். அந்தப் பதிவு இருந்தால்தான் சாயங்காலம் அவர் மூலத்தோடு வரும்போது நான் காட்ட முடியும். தயவுசெய்து இருக்கட்டும்.